காணி உறுதி தாரும். சோலை வரி தருவோம்!

“வரி கொடாதவனுக்கு வழி எதற்கு? விளக்கு எதற்கு?”

மலையகத்துக் கடைவீதிகளிலே, தேநீர்க்கடை வாங்குகளிலே அடிக்கடி நம் செவியில் விழும் கேள்வி இது. பன்வில கடைவீதியும் இதற்கு விலக்கன்று. மடுல்கலைப் பாதை உடைந்து கிடக்கிறது என்று ஒருவர் முறையிட்டால், “தோட்டத்தார் சபைக்கு ஒரு சதமேனும் செலுத்துகின்றனரா?” என்று மற்றொருவர் மடக்குகின்றார். லயத்தின் பின்புறக் கான் அடைத்து நாறுகிறது என்றால், “அது துரையிடம் சொல்லவேண்டிய காரியம்” என்று கை விரிக்கின்றனர். கேட்டவனும் வாயடைத்துப் போகின்றான். தான் வரி செலுத்தாதவன்தானே என்ற கூச்சம் அவனை ஊமையாக்கி விடுகிறது.

இந்தக் கூச்சத்தை ஒழிக்கவே இன்று எழுதுகின்றோம். வரி என்றால் என்ன, அது யார்மேல் எப்படி விழுகிறது, ஏன் சிலர்மேல் விழுவதில்லை என்பதை வீடுடையாரும் அறிதல் வேண்டும். வீடற்றாரும் அறிதல் வேண்டும். அறியாதவனிடம் வரியையும் பறிக்கலாம், உரிமையையும் பறிக்கலாம்.

சோலை வரி யாது?

பட்டினத்தில் வீடுடையார் ஒவ்வொருவரும் சோலை வரி என்ற சொல்லைக் கேட்டிருப்பர். ஆதன வரி என்பாரும் உளர். மதிப்பீட்டு வரி என்று எழுதுவாரும் உளர். மூன்றும் ஒன்றே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இவ்வரியை அறவிடும் அதிகாரத்தைச் சபைக்கு அளித்தது. ஆனால் சபை நினைத்த இடமெல்லாம் இதனை விதிக்க முடியாது. கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று முறைப்படி பிரகடனஞ் செய்யப்பட்ட இடத்தில் மட்டுமே விதிக்கலாம்.

வரி எதன்மேல் கணிக்கப்படுகிறது? வீட்டின் விற்பனை விலையின்மேல் அன்று. அதன் “ஆண்டுப் பெறுமதி”யின்மேல். அவ்வீட்டை வாடகைக்கு விட்டால், நியாயமான வாடகைக்காரன் ஒருவன் ஓராண்டுக்கு என்ன கொடுப்பான் என்று மதிப்பிடுவர். அந்தத் தொகையே ஆண்டுப் பெறுமதி. அதில் நூற்றுக்கு இத்தனை என்று சபை தீர்மானம் நிறைவேற்றி, வர்த்தமானியில் அறிவித்து அறவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை பெறும் என மதிப்பிட்டால் ஆண்டுப் பெறுமதி 12,000 ரூபாய். சபை விதித்த வீதம் நூற்றுக்கு ஆறு என்று வைத்துக் கொண்டால் ஆண்டு வரி 720 ரூபாய்; காலாண்டுக்கு 180 ரூபாய். ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31ஆந் தேதிக்கு முன் செலுத்துவோருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. 720 ரூபாய்க்கு 648 ரூபாய் கொடுத்தால் போதும். அவ்வளவு பணம் ஒருங்கே இல்லையெனில், ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்திலும் செலுத்தினால் நூற்றுக்கு ஐந்து கழிவு. இந்தக் கழிவை அறியாமல் ஆண்டுதோறும் இழப்போர் எத்தனை பேர்!

மதிப்பீடு கூடிவிட்டது என்று எண்ணுவோன் வாளாவிருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுப் புத்தகத்தைச் சபைக் காரியாலயத்திற் சென்று பார்வையிட அவனுக்கு உரிமை உண்டு. அறிவித்தலில் குறித்த காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு. சபையின் முடிவு திருப்தி தராவிடின் நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. தேதி தவறினால் அந்த உரிமை கைநழுவிப் போகும். வீதம் கூடியதா, மதிப்பீடு கூடியதா என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும். வீதம் கூடினால் அது சபை உறுப்பினரின் செயல். அவர்களைத் தேர்தலிலே கேட்கலாம். மதிப்பீடு கூடினால் அது மதிப்பீட்டாளரின் கணக்கு. அதனை மனுவிலே கேட்கலாம். இரண்டையும் குழப்பிக் கடைத்திண்ணையில் ஏசுவதால் ஒரு சதமும் குறையாது.

இன்னுமொன்று. இவ்வரி ஆளைத் தொடர்வதினும் ஆதனத்தையே தொடர்வது. வீட்டை வாங்குவோன் அதன் பாக்கியையும் சேர்த்தே வாங்குகின்றான். ஆதலின் வாங்குமுன் சபையில் விசாரித்துக் கொள்வது அறிவுடைமை. வரிப் பற்றுச்சீட்டு ஒருவரைச் சொந்தக்காரராக ஆக்கிவிடாது என்பதையும் மறத்தலாகாது. சொந்தக்காரராக ஆக்குவது காணி உறுதி ஒன்றே.

இங்கேதான் நமது வழக்குத் தொடங்குகிறது.

உறுதியில்லாதவன் எதன்மேல் வரி கொடுப்பான்?

பன்வில என்பது கடைவீதி மட்டுமா? நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து, ஹுலுகங்கை வழியாக, மடுல்கலைக்கு மேலும் ஏறிச் செல்லும் மலைச்சரிவெல்லாம் தேயிலை. அத்தேயிலைக்கு நடுவே லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே பாட்டன் பிறந்தான், தகப்பன் பிறந்தான், பிள்ளையும் பிறக்கின்றான். மூன்று தலைமுறை குடியிருந்தும் அந்தக் காம்பரா அவனுடையதன்று. தோட்டத்தின் பெயரேட்டில் வேலை உள்ள வரை அவனுக்குக் கூரை உண்டு.

உடைமை இல்லாதவன்மேல் உடைமை வரி எங்ஙனம் விழும்? வரி கொடாமை அவன் செய்த குற்றமா? அவனுக்கு இழைக்கப்பட்ட குற்றமல்லவா அது? கண்ணைப் பிடுங்கியவனே, “இவன் வழி தெரியாமல் நடக்கின்றான்” என்று பழிப்பதை ஒக்கும் இது!

வீட்டின் இலக்கத்தைப் பாருங்கள். பட்டினத்து வாசற்கதவில் தொங்குகின்ற இலக்கம், பெரும்பாலும் சபையின் வரிப் புத்தகத்தில் அவ்வீட்டுக்கு இடப்பட்ட இலக்கமே. வரிப் புத்தகத்தில் இடமில்லாத வீட்டுக்கு விலாசமும் இல்லை. லயத்துத் தொழிலாளியின் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வருகிறது. தோட்டக் காரியாலயத்தில் தங்குகிறது. எவர் கையிலோ மாறி, என்றோ ஒருநாள் வந்து சேர்கிறது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த பிள்ளையின் துயரை மலையகம் நன்கறியும். முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கச் சென்றால் வதிவிடத்துக்கு ஆதாரம் கேட்கின்றனர். உறுதி உண்டா, வரிச்சீட்டு உண்டா என்கின்றனர். தாயின் கையில் என்ன உண்டு? கொழுந்து பறித்த தழும்பு உண்டு. அதற்குப் புள்ளி இடும் சுற்றறிக்கை எதுவுமில்லை.

அவன் வரியே கொடுப்பதில்லையா?

“அவன் எதுவும் கொடுப்பதில்லை” என்பதே முதலிற் பொய். உப்பு வாங்கினாலும் உடுப்பு வாங்கினாலும் விலைக்குள் மறைந்திருக்கும் வரியை அவனும் கொடுக்கின்றான். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தபோது, லயத்தில் உள்ளோருக்கு வேறு வீதம் என்று எவரும் சலுகை காட்டவில்லை. பிரதேச சபைகளோ தம் வரியில் மட்டும் வாழ்வன அல்ல. அரசாங்கத்தின் மானியமும் அவற்றைத் தாங்குகிறது. அந்த மானியத்தில் தொழிலாளியின் பணமும் கலந்திருக்கிறது.

அடுத்தது ஏக்கர் வரி. கட்டடப் பகுதிக்குச் சோலை வரி போன்று, நிரந்தரமாகப் பயிரிடப்படும் நிலத்துக்குச் சபை ஏக்கர் வரி விதிக்கலாம். தோட்டம் அந்த வரியைச் செலுத்துமாயின் அப்பணம் எங்கிருந்து வருகிறது? தேயிலையிலிருந்து. தேயிலை யார் கையிலிருந்து வருகிறது? கேள்வியே விடை!

இவ்விரு வரிகளின் அமைப்பிலுள்ள வேற்றுமையை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். வீட்டின்மேல் விழும் வரி நூற்றுவீதம். வாடகை மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். தேயிலை நிலத்தின்மேல் விழும் வரியோ ஹெக்டேயருக்கு இத்தனை ரூபாய் என்று சட்டத்தில் எழுதிய சில்லறைத் தொகை. 1987இல் ஒரு ரூபாய்க்கு இருந்த மதிப்பென்ன, இன்றைய மதிப்பென்ன? வீடுடையவன் வரி விலைவாசியோடு சேர்ந்து மலையேறும். பெருந்தோட்டத்தின் வரி அடிவாரத்திலே அமர்ந்து ஓய்வெடுக்கும். என்னே நீதி!

கணக்கை இன்னும் சற்றே நீட்டுவோம். ஒரு ஹெக்டேயர் நிலம் ஏறக்குறைய 395 பேர்ச். ஏழு பேர்ச்சாகப் பிரித்தால் 56 வீட்டு மனைகள். பாதைக்கும் கானுக்கும் இடம் விட்டாலும் நாற்பது வீடுகள் எழும். முன்னே சொன்ன 720 ரூபாய் வீதம் நாற்பது வீட்டுக்கு 28,800 ரூபாய். அதே ஹெக்டேயர் இன்று தேயிலையாகவோ, தேயிலை செத்த புல்லாகவோ கிடந்து சபைக்குத் தருவது சில ரூபாய். ஆகவே, சபைக்கு வருமானம் இல்லையே என்று வருந்தும் பன்வில பட்டினத்து வீடுடையாரே, நீங்கள் யாரை எதிர்க்க வேண்டும்? லயத்தானையா? அவனுக்கு உறுதி கிடைக்கவொட்டாமல் தடுக்கும் ஏற்பாட்டையா? அவன் வீடுடையவனானால் உங்கள் சுமையைப் பங்கிட ஒரு தோள் கூடும். அவனை லயத்தில் வைத்திருக்கும் வரை உங்கள் தோள் மட்டுமே நோகும்.

பழைய வாதம், புதிய வாய்

வரியைக் காட்டி உரிமையை மறுக்கும் வித்தை நேற்றுப் பிறந்ததன்று. வரி யாரிடம் வாங்கப்பட்டது, யாருக்குச் செலவிடப்பட்டது என்ற வழக்கு இந்தக் கண்டிச் சீமையில் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1848இல் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய், அன்றேல் மூன்று சிலிங் கொடு என்று பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர்மேல் சுமை ஏற்றியது. தெரு யாருக்கு? கோப்பிக் கொட்டையைக் கொழும்புக்கு இறக்கும் துரைமாருக்கு! அவ்வாண்டு ஜூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. ஆகஸ்டில் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். சிங்களக் குடியானவன் அன்று கேட்ட கேள்வியும், தமிழ்த் தொழிலாளி இன்று கேட்கும் கேள்வியும் ஒன்றே: என்னிடம் பெற்றதை எவருக்குக் கொடுத்தாய்?

1937இல் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தும் பிரேரணை அரசாங்க சபைக்கு வந்தது. லயங்களிலே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சங்க வாக்குரிமை இல்லை என்ற விலக்கு அதிலே நுழைந்தது. சொல்லில் இனப் பாகுபாடு இல்லை. இடப் பாகுபாடு மட்டுமே. ஆனால் லயத்தில் குடியிருந்தோர் எவ்வினத்தார் என்பது குழந்தைக்கும் தெரியும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கிராமத்தில் வாக்கில்லாதவனுக்கு நாட்டிலும் இடமில்லாமற் போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தொகையாக எண்ணிப் பங்கு பிரித்தது. நாடற்றோர் என்ற பழிச்சொல்லைச் சட்டத்தில் முற்றாகத் துடைக்க 2003 வரை செல்ல வேண்டியிருந்தது.

பிரஜாவுரிமை வந்தது, சபைக்கு வாக்கும் வந்தது. ஆனால் சபையின் பணம் தோட்ட எல்லைக்குள் வரவில்லை. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவிடச் சபைக்கு அதிகாரமில்லை என்றனர். மூன்று தசாப்தங்கள் இதே பல்லவி! வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம். விளக்கு மாட்ட வரலாகாது! 2018இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. தடை நீங்கியது. ஆனால் சட்டப் புத்தகத்தில் நீங்கிய தடை மனத்தில் நீங்கியதா? “வரி கொடாதவனுக்கு வழி எதற்கு?” என்ற கேள்வி இன்னும் கடைவீதியில் உலவுவது ஏன்?

கேள்வி கேட்பாருக்கு நாம் வேறொன்றையும் நினைவூட்டுவோம். 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆந் தேதிதான் நடந்தது. ஈராண்டுக்கு மேல் மக்கள் தெரிந்தெடுத்த சபை இல்லை, அதிகாரிகளே ஆண்டனர். அந்நாளில் சோலை வரி நின்றதா? நிற்கவில்லை. சபை இல்லாமலும் வரி வாங்கலாம் என்றால், வரி இல்லாமலும் ஒரு விளக்கு மாட்டலாகாதோ?

வீடு வந்தது; உறுதி வந்ததா?

ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற வாக்குறுதி 2015ஆம் ஆண்டு முதல் மலையகத்தில் முழங்கியது. இந்திய அரசின் உதவியில் நாலாயிரம் வீடுகள் என்ற திட்டம் நடந்தது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் பத்தாயிரம் என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். நன்று, வரவேற்றோம், இன்றும் வரவேற்கின்றோம். ஆயின் வீடு எழுந்த இடமெல்லாம் உறுதி எழுந்ததா? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உறுதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! சாவி கதவைத் திறக்கும், வங்கியைத் திறக்காது. வரிப் புத்தகத்திலும் உடைமையாளன் என்ற பெயரைப் பொறிக்காது.

உறுதியற்ற வாழ்வின் விலை என்னவென்று மழை வரும்போதெல்லாம் அறிகின்றோம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சூறையாடியது. கண்டி மாவட்டம் கொடிய அடிபட்டது. இத்தகைய அழிவின் பின் நட்ட ஈடு கணிக்கும்போது, “இது யாருடைய வீடு?” என்ற கேள்வியே முதலில் எழுகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவன் அக்கேள்விக்கு முன் தலைகுனிந்து நிற்பதா?

நம்மவருக்கும் ஒரு சொல்

பிறரைக் கேட்டோம், நம்மவரையும் கேட்பது கடமை. “உங்களுக்கு வீடு தருவோம், வரியே இல்லை” என்று மேடையிலே முழங்கும் தலைவர்களை நாம் நம்பவில்லை. வரியில்லாத வீடு இனிக்கும். ஆனால் அது இரவல் வீடு போன்றது. வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்பவனைத் தலைவர்கள் விரும்புவதில்லை. ஆகவேதான் சலுகையைக் காட்டி உரிமையை மறக்கச் செய்கின்றனர்.

அதுபோல, யார் எவர் என்று பாராமல் எல்லாத் தலைக்கும் ஒரே வரி என்பதும் அநீதி. பிரித்தானியாவில் தாட்சர் அம்மையார் பழைய வீட்டு வரியை நீக்கி, 1989இல் ஸ்கொட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தலைவரி விதித்தார். மாளிகைவாசிக்கும் குடிசைவாசிக்கும் ஒரு நகரில் ஒரே தொகை! 1990 மார்ச்சில் லண்டன் வீதிகள் கொந்தளித்தன. அவ்வாண்டே அம்மையார் பதவி துறந்தார். 1993இல் தலைவரியும் தொலைந்தது. வரி வேண்டும், அது தாங்கும் தோளுக்குத் தக்கதாக வேண்டும். இதுவே நாம் சொல்வது.

நாம் கேட்பன

முதலாவது, குடியிருக்கும் ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் சட்டம் ஏற்கும் காணி உறுதி வேண்டும். சான்றிதழ், கடிதம், வாக்குறுதி என்ற போலிகள் வேண்டாம். உறுதியில் மனைவியின் பெயரும் இருத்தல் வேண்டும்; கொழுந்துக்கூடை சுமந்தவள் அவளே.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும், லயக் காம்பராவாயினும், இலக்கமும் விலாசமும் வேண்டும். கடிதம் அவரவர் கைக்கே வரவேண்டும். இதற்கு உறுதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சபை மனம் வைத்தால் போதும்.

மூன்றாவது, ஏக்கர் வரியின் பழைய சில்லறைத் தொகையை இன்றைய மதிப்புக்கு உயர்த்துதல் வேண்டும். அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் தோட்டமாயினும் கம்பனியின் தோட்டமாயினும் விலக்கு வேண்டாம். சிறு தோட்டக்காரன்மேல் அது விழாமற் காத்தலும் வேண்டும்.

நான்காவது, புதிதாக வீடுடையாராகும் குடும்பங்களுக்குச் சில ஆண்டுகள் குறைந்த வீதமும், மதிப்பீட்டு அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். படிக்க முடியாத அறிவித்தலுக்கு எவன் ஆட்சேபம் எழுதுவான்?

ஐந்தாவது, ஆண்டுதோறும் சபை தன் வரவு செலவுக் கணக்கைப் பட்டினத்தில் மட்டுமன்றித் தோட்டத்து மக்கள் முன்னிலையிலும் வாசித்துக் காட்ட வேண்டும். எத்தனை ரூபாய் எந்தத் தோட்டத்தில் செலவாயிற்று என்று எவரும் கேட்க இடமிருத்தல் வேண்டும்.

இவை பிச்சையல்ல, பேரமுமல்ல. குடிமகன் சபையிடம் வைக்கும் நேரான கணக்கு.

1823இல் தொடங்கிய பயணத்துக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததென்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் கால்நடையாய் நடந்தனர். முன்னோர் காட்டுவழியே நடந்த பாதை அது. அவர்கள் வெட்டிய பாதையிலேதான் இன்று பன்வில பட்டினத்தின் பஸ் வண்டியும் ஓடுகிறது. ஆறு நாள் அல்ல, இருநூறு ஆண்டு வேலை செய்தோம். மூன்று சிலிங் அல்ல, ஐந்தாறு தலைமுறையின் உழைப்பைக் கொடுத்தோம். பாக்கி யாரிடம் நிற்கிறது?

பன்வில கடைவீதியில் அந்தக் கேள்வியை இனி எவரேனும் கேட்டால், தோழர்களே, தலைகுனியாதீர்! நிமிர்ந்து விடை சொல்லுங்கள்: “வரி கொடுக்க நாம் அஞ்சவில்லை, ஐயா. எமது வீட்டை எமது பெயரில் எழுதுங்கள். எழுதிய மறுநாளே சபை வாசலில் வரிசையில் நிற்போம். ஜனவரி 31க்கு முன்னே நிற்போம்!”

காணி உறுதி தாரும். சோலை வரி தருவோம்!